வீட்டில் மைன்கிராஃப்ட் சர்வர்: ரூட்டரில் போர்ட் திறக்கும் முறை

வீட்டுக் கணினியில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஓடுகிறது. அடுத்த அறையில் இருக்கும் தம்பி நொடியில் உள்ளே வந்துவிடுகிறான். வேறு ஊரில் இருக்கும் நண்பன் முயன்றால் அரை நிமிடம் காத்திருந்த பிறகு 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று வருகிறது. இதற்கு வழி போர்ட் ஃபார்வர்டிங். போர்ட் என்பது வரும் தகவல் எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்; கணினிக்குள் போகும் கதவு எண் மாதிரி. ரூட்டரில் நிரப்ப வேண்டியது நாலைந்து கட்டங்கள்தான், இரண்டு நிமிட வேலை. ஆனால் நிரப்பியும் வேலை செய்யவில்லை என்று திணறுபவர்களில் பலருக்குக் கோளாறு அந்தக் கட்டங்களில் இருப்பதில்லை. அதற்கு முன்பாகவே இணைய நிறுவனத்தின் பக்கம் இருக்கும், அல்லது கணினியின் தடுப்புச் சுவரான ஃபயர்வாலில் இருக்கும். அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்றாமல் போங்கள். இந்த வழி நம் இணைப்புக்கு ஒத்துவராது என்பது முதல் படியிலேயே தெரிந்துவிட்டால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

ரூட்டர் ஏன் தடுக்கிறது

வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே ஐபி முகவரிதான். உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் தனி முகவரியை ரூட்டரே கொடுக்கிறது. உங்கள் கணினி ஒரு தளத்தைத் திறக்கும்போது, யார் யாரிடம் கேட்டார் என்று ரூட்டர் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அதைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். இந்த முகவரி மாற்றத்துக்குத்தான் 'நாட்' என்று பெயர். வெளியிலிருந்து உங்கள் நண்பன் தானாகக் கதவைத் தட்டினால் அட்டவணையில் அப்படி ஒரு குறிப்பு இல்லை. உள்ளே யாரிடம் அனுப்புவது என்று தெரியாமல் ரூட்டர் அதைக் கைவிட்டுவிடும். '25565 என்ற போர்ட்டுக்கு வருவதையெல்லாம் 192.168.1.50-க்கு அனுப்பு' என்று நாம் எழுதி வைக்கும் நிரந்தரக் குறிப்புதான் போர்ட் ஃபார்வர்டிங்.

போர்ட் எண்கள் 65535 வரை உண்டு. ஒவ்வொரு எண்ணும் டிசிபி, யுடிபி என்ற இரு வகைத் தகவல் பரிமாற்றத்திலும் தனித்தனியாக இருக்கிறது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு 25565, டிசிபி. கைபேசியிலும் கன்சோலிலும் ஓடும் பெட்ராக் பதிப்புக்கு 19132, யுடிபி. எண் சரியாக இருந்து வகை மாறிப்போனாலும் நண்பனுக்குக் கதவு திறக்காது. டெர்ரேரியாவுக்கு 7777 டிசிபி, ஃபேக்டோரியோவுக்கு 34197 யுடிபி, வால்ஹைமுக்கு 2456, 2457 யுடிபி. வேறு விளையாட்டு என்றால் அதன் சர்வர் ஆவணத்தில் எண்ணையும் வகையையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் ரூட்டருக்கு உண்மையான பொது முகவரி இருக்கிறதா?

பெரும்பாலான வழிகாட்டிகள் இதைக் கடைசியில் வைக்கின்றன. முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

ரூட்டரின் பக்கத்துக்குள் போக அதன் முகவரி வேண்டும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் வரும். 192.168.1.1, 192.168.0.1 இரண்டும் அதிகம் காணப்படுபவை. ஜியோ ஃபைபர் ரூட்டர்களில் 192.168.29.1. அதை பிரவுசரில் தட்டி, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல்லோடு உள்ளே போங்கள். அந்தக் கடவுச்சொல் இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யும் முன் மாற்றிவிடுங்கள்.

உள்ளே 'ஸ்டேட்டஸ்' அல்லது 'இன்டர்நெட்' பக்கத்தில் 'வான் ஐபி' (WAN IP) என்று ஓர் எண் இருக்கும். இணையத்தின் பக்கம் ரூட்டருக்கு உள்ள முகவரி அது. அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் 'என் ஐபி என்ன' என்று ஆங்கிலத்தில் தேடி, காட்டும் ஐபிவி4 முகவரியோடு (புள்ளியால் பிரித்த நான்கு எண்கள்) ஒப்பிடுங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தவறான எண் காட்டும்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் நேராகப் படி 2-க்குப் போகலாம்.

வான் ஐபி 192.168 என்று தொடங்கினால் உங்கள் ரூட்டருக்கு மேலே இன்னொரு ரூட்டர் இருக்கிறது. ஃபைபர் இணைப்புகளில் நிறுவனம் கொடுத்த ஓஎன்டி பெட்டியே ஒரு ரூட்டர். நீங்கள் வாங்கிய ரூட்டரை அதன் பின்னால் செருகும்போது நாட் இரண்டு அடுக்காகிவிடுகிறது. நல்ல தீர்வு, ஓஎன்டியை ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் 'பிரிட்ஜ் மோடு'க்கு மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேட்பது; அப்போது இணையத்தில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் ரூட்டரில் இடப்பட வேண்டும், அவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் உங்கள் ரூட்டரை வைஃபை மட்டும் தரும் 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றி, ஃபார்வர்டிங்கை ஓஎன்டியில் மட்டும் செய்யலாம். இரண்டிலும் தனித்தனியாக விதி எழுதியும் ஒப்பேற்றலாம். ஓஎன்டியில் 25565-ஐ உங்கள் ரூட்டரின் வான் முகவரிக்கும், ரூட்டரில் அதே எண்ணைக் கணினிக்கும் அனுப்ப வேண்டும்.

வான் ஐபி 100.64 முதல் 100.127 வரை உள்ள எதிலாவது தொடங்கினால் விஷயம் வேறு. சில நிறுவனங்களில் 10 என்றும் தொடங்கும். உங்கள் தெருவில் உள்ள பல வீடுகளை நிறுவனமே ஒரு பொது முகவரிக்குப் பின்னால் அடைத்திருக்கிறது. இதை 'சிஜிநாட்' என்பார்கள். ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு இந்த 100.64 வரிசையை நிறுவனங்களின் இந்தப் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கினார்கள். இந்த நிலையில் நீங்கள் உங்கள் ரூட்டரில் என்ன விதி எழுதினாலும் பயனில்லை. நண்பனின் தட்டல் உங்கள் ரூட்டர் வரை வருவதே இல்லை. நிறுவனத்தின் பெட்டியிலேயே அது கைவிடப்படுகிறது, அங்கே விதி எழுத உங்களுக்கு உரிமை கிடையாது.

அப்போது உள்ள வழிகள் மூன்று. நிறுவனத்தை அழைத்து 'ஸ்டாட்டிக் பப்ளிக் ஐபி' கேளுங்கள். பல இடங்களில் மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும். பேசுபவருக்குப் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்றால் புரியாமல் போகலாம்; 'பப்ளிக் ஐபி' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். இரண்டாவது, தொலைவில் உள்ள கணினிகளை ஒரே தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் அல்லது சீரோடியர் போன்ற நிரல் ஒன்றை உங்கள் கணினியிலும் நண்பர்களின் கணினிகளிலும் நிறுவுவது. நாலைந்து பேர் மட்டும் விளையாடும் சர்வருக்கு இதுதான் எங்கள் முதல் பரிந்துரை, பொது முகவரி இருப்பவர்களுக்கும்கூட. எந்தக் கதவையும் உலகத்துக்குத் திறக்க வேண்டியதில்லை. மூன்றாவது, புதிய முகவரி முறையான ஐபிவி6. இந்தியாவில் பல இணைப்புகளில் அது ஏற்கெனவே வருகிறது. அதில் முகவரிப் பஞ்சம் இல்லாததால் நாட் தேவைப்படுவதில்லை. ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் 25565-ஐ அனுமதித்தால் போதும். ஆனால் நண்பனின் இணைப்பிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். மலிவான ரூட்டர்கள் சிலவற்றில் இந்த ஃபயர்வாலைத் திறக்கப் பக்கமே இருக்காது.

படி 2: கணினிக்கு மாறாத உள்முகவரி

ஃபார்வர்டிங் விதியில் உங்கள் கணினியின் உள்முகவரியை எழுதப்போகிறோம். ரூட்டர் அந்த முகவரியை டிஎச்சிபி முறையில் தற்காலிகமாகத்தான் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு உங்கள் கணினிக்கு 192.168.1.7 கிடைத்து, பழைய 192.168.1.5 அம்மாவின் கைபேசிக்குப் போயிருக்கலாம். 'நேற்று வரை வேலை செய்தது' என்ற புகார்களில் பெரும்பங்கு இதனால்தான் வருகிறது.

ரூட்டரில் டிஎச்சிபி பக்கத்துக்குப் போங்கள். 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டாட்டிக் லீஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். கணினியின் மேக் முகவரியையும் (வலை இணைப்புக் கருவிக்கு உள்ள அடையாள எண்) நீங்கள் விரும்பும் ஐபியையும் அங்கே சேர்த்துவிடுங்கள், எடுத்துக்காட்டாக 192.168.1.50. மேக் முகவரியை ஐபிகான்ஃபிக் கட்டளையோடு சாய்கோடும் 'ஆல்' என்ற சொல்லும் சேர்த்துக் கொடுத்தால் 'ஃபிசிக்கல் அட்ரஸ்' என்ற வரியில் பார்க்கலாம். இதில் வழுக்கும் இடங்கள் இரண்டு. கேபிளுக்கும் வைஃபைக்கும் மேக் முகவரி வேறு வேறு. எதில் ஓட்டப்போகிறீர்களோ அதைப் பதியுங்கள். முடிந்தால் கேபிளிலேயே ஓட்டுங்கள். அடுத்தது, விண்டோஸின் வைஃபை அமைப்பில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' இயங்கிக்கொண்டிருந்தால் மேக் முகவரியே மாறிக்கொண்டிருக்கும். ரூட்டரால் கணினியை அடையாளம் காண முடியாது. அதை அணைத்துவிடுங்கள்.

பதிந்த பிறகு கணினியை ஒருமுறை இணைப்பிலிருந்து விலக்கி மீண்டும் இணைத்து, 192.168.1.50 வந்துவிட்டதா என்று பாருங்கள். பவர் அமைப்பில் 'ஸ்லீப்' நேரத்தையும் 'நெவர்' என்று வையுங்கள். தூங்கும் கணினியில் சர்வர் ஓடாது.

படி 3: சர்வரும் ஃபயர்வாலும்

சர்வர் கோப்புறையில் 'சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ்' என்ற கோப்பைத் திறவுங்கள். 'சர்வர் போர்ட்' 25565 என்று இருக்கட்டும். 'சர்வர் ஐபி' என்ற வரியைக் காலியாக விடுங்கள். பொது ஐபியை அங்கே எழுதுவது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அந்த முகவரி கணினியிடம் இல்லை, ரூட்டரிடம்தான் இருக்கிறது. அதனால் சர்வர் 'ஃபெயில்டு டு பைண்ட் டு போர்ட்' என்று சொல்லி நின்றுவிடும். எழுதாமலே அந்தப் பிழை வந்தால், முன்பு மூடிய சர்வரின் ஜாவா இன்னும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரில் அதை முடித்துவிடுங்கள்.

அடுத்தது விண்டோஸ் ஃபயர்வால். சர்வரை முதன்முதலில் ஓட்டும்போது 'ஜாவாவை அனுமதிக்கவா' என்று ஒரு பெட்டி வந்திருக்கும். அவசரத்தில் 'கேன்சல்' அழுத்தியிருந்தால் விண்டோஸ் சும்மா விடாது. ஜாவாவைத் தடுக்கும் விதிகளை அப்போதே எழுதிவிடும். தடுக்கும் விதியும் அனுமதிக்கும் விதியும் சேர்ந்து இருந்தால் தடுப்பதே வெல்லும். ஆகவே புதிதாக அனுமதி விதி எழுதுவதற்கு முன் பழைய தடையை நீக்க வேண்டும். 'விண்டோஸ் டிஃபென்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' → 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பட்டியலில் 'ஜாவா' அல்லது 'ஓப்பன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி' என்ற பெயரோடு சிவப்புத் தடைக்குறி உள்ள வரிகளை அழியுங்கள். பிறகு 'நியூ ரூல்' → 'போர்ட்' → 'டிசிபி' → 25565 → 'அலோ'. ஜாவா நிரலுக்கு விதி எழுதுவதைவிடப் போர்ட்டுக்கு எழுதுவது மேல். ஜாவாவின் புதிய பதிப்பு வேறு கோப்புறைக்குப் போனாலும் இந்த விதி செல்லும். எந்த நெட்வொர்க்குக்கு என்று கேட்கும்போது 'பிரைவேட்' போதும். ஆனால் உங்கள் வீட்டு இணைப்பு விண்டோஸில் 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் அந்த விதி வேலை செய்யாது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் அதைப் 'பிரைவேட்' ஆக்குங்கள். தனியாக ஆன்டிவைரஸ் தொகுப்பு வைத்திருந்தால் அதற்கென்று ஒரு ஃபயர்வால் இருக்கக்கூடும், அதிலும் அனுமதி தர வேண்டும். 'ஃபயர்வாலை அணைத்துவிட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உறுதிப்படுத்த ஓர் எளிய வழி உண்டு. 'ரிசோர்ஸ் மானிட்டர்' → 'நெட்வொர்க்' → 'லிசனிங் போர்ட்ஸ்'. சர்வர் ஓடும்போது இந்தப் பட்டியலில் 25565 இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஃபயர்வால் அனுமதிக்கிறதா என்றும் காட்டும். இப்போது வீட்டிலேயே இன்னொரு கணினியிலிருந்து 192.168.1.50 என்று கொடுத்து உள்ளே வர முடிகிறதா பாருங்கள். வர முடியாவிட்டால் ரூட்டர் பக்கம் போகவே வேண்டாம், கோளாறு இங்கேதான்.

படி 4: ரூட்டரில் விதி

பக்கத்தின் பெயர் ரூட்டருக்கு ரூட்டர் மாறும். டிபி-லிங்கில் 'அட்வான்ஸ்டு' → 'நாட் ஃபார்வர்டிங்', அதற்குள் 'போர்ட் ஃபார்வர்டிங்' அல்லது 'வர்ச்சுவல் சர்வர்ஸ்'. அசுஸில் 'வான்' → 'வர்ச்சுவல் சர்வர் / போர்ட் ஃபார்வர்டிங்'. ஹுவாவே ஓஎன்டிகளில் 'ஃபார்வர்ட் ரூல்ஸ்' என்பதற்குள் 'போர்ட் மேப்பிங்'. 'போர்ட் டிரிக்கரிங்' என்று ஒன்று கண்ணில் பட்டால் அது வேறு, விட்டுவிடுங்கள்.

நிரப்ப வேண்டியவை:

பெயர்: மைன்கிராஃப்ட் (எதுவாகவும் இருக்கலாம்)
வெளிப் போர்ட்: 25565
உள் போர்ட்: 25565
உள் ஐபி: 192.168.1.50
வகை: டிசிபி

வெளிப் போர்ட் தொடக்கம், முடிவு என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் இரண்டிலும் 25565. 'சோர்ஸ் ஐபி' அல்லது 'ரிமோட் ஹோஸ்ட்' என்ற கட்டம் இருந்தால் காலியாக விடுங்கள். அதில் எதையாவது எழுதினால் அந்த ஒரு முகவரியிலிருந்து வருபவர்கள் மட்டுமே உள்ளே வர முடியும். ஓஎன்டிகளில் இன்னொரு கண்ணி: ஒரே பெட்டியில் தொலைபேசிக்கு ஒரு வான் இணைப்பும், நிறுவனம் தொலைவிலிருந்து பராமரிக்க ஒன்றும், இணையத்துக்கு ஒன்றும் இருக்கும். விதியை 'இன்டர்நெட்' என்று பெயருள்ள இணைப்பில்தான் கட்ட வேண்டும். சேமித்த பிறகு விதிக்கு எதிரே 'எனேபிள்' குறி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: வெளியிலிருந்து சோதனை

உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே பொது ஐபியைப் போட்டுச் சோதிக்காதீர்கள். உள்ளிருந்து வெளி முகவரிக்குப் போய்த் திரும்ப உள்ளே வரும் சுற்றைப் பல ரூட்டர்கள் ஆதரிப்பதில்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் தோல்வி என்றே காட்டும். கைபேசியை வீட்டு வைஃபையிலிருந்து விலக்கி மொபைல் டேட்டாவில் வைத்து, அதன் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்துச் சோதியுங்கள். அல்லது நண்பனையே அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று காட்டும் இணையதளங்களும் உதவும், ஆனால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும். பதில் சொல்ல நிரல் இல்லாத போர்ட்டை அவை 'மூடியிருக்கிறது' என்றே சொல்லும். பெட்ராக் போன்ற யுடிபி சர்வர்களுக்கு அந்தத் தளங்களை நம்பவே முடியாது.

நண்பன் திரையில் வரும் பிழைச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் கேட்டு வாங்குங்கள், அதுவே பாதி விடை. 'டைம்டு அவுட்' என்றால் தட்டல் வழியில் எங்கோ தொலைந்துபோகிறது: சிஜிநாட், இரட்டை நாட், தவறான உள்முகவரி, ஃபயர்வால், இந்த வரிசையில் தேடுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் தட்டல் கணினி வரை வந்துவிட்டது, அங்கே அந்த எண்ணில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சர்வர் நின்றிருக்கிறதா, போர்ட் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 'அன்னோன் ஹோஸ்ட்' என்றால் முகவரியைத் தட்டச்சு செய்ததில் பிழை. 'அவுட்டேட்டட்' என்று தொடங்கும் செய்தி வந்தால் மகிழுங்கள். இணைப்பு சரியாகிவிட்டது, பதிப்புதான் பொருந்தவில்லை.

முகவரி மாறிக்கொண்டே இருந்தால்

ஸ்டாட்டிக் ஐபி வாங்காதவர்களுக்குப் பொது முகவரி எப்போது வேண்டுமானாலும் மாறலாம். ரூட்டர் அணைந்து எழுந்தால் மாறும் வாய்ப்பு அதிகம். டக்டிஎன்எஸ், நோ-ஐபி போன்ற சேவைகள் ஒரு நிலையான பெயரைத் தந்து, முகவரி மாறும்போதெல்லாம் அதைப் புதுப்பித்துக்கொள்ளும். ரூட்டரின் 'டைனமிக் டிஎன்எஸ்' பக்கத்தில் அந்தக் கணக்கை இட்டுவிடலாம். நோ-ஐபியின் இலவசப் பெயரை 30 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும், மறந்தால் போய்விடும். சிஜிநாட்டுக்கு இது மருந்தல்ல. பெயர் சரியான முகவரியைக் காட்டினாலும் அந்த முகவரி உங்களுடையது இல்லையே.

கன்சோல்கள்

பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் 'நாட் டைப்' என்ற பெயரில் வரும். எக்ஸ்பாக்ஸில் 'ஸ்ட்ரிக்ட்', பிளேஸ்டேஷனில் 'டைப் 3' என்றால் நண்பர்களின் குரல் கேட்காது, ஆட்டத்தில் சேர முடியாது. ரூட்டரில் யுபிஎன்பி வசதியை இயக்கினாலே பெரும்பாலும் தீரும். கன்சோல் தனக்கு வேண்டிய போர்ட்டைத் தானே கேட்டுத் திறந்துகொள்ளும். அது நடக்காவிட்டால் எக்ஸ்பாக்ஸுக்கு 3074-ஐ டிசிபி, யுடிபி இரண்டிலும் கையால் திறக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால் 3074-ஐ ஒன்றுக்குத்தான் கொடுக்க முடியும். மற்றதில் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' → 'ஆல்டர்நேட் போர்ட் செலெக்‌ஷன்' வழியாக வேறு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

யுபிஎன்பிக்கு ஒரு விலை உண்டு. கன்சோல் கேட்டாலும் தீய நிரல் கேட்டாலும் ரூட்டர் ஒரே மாதிரி திறந்துவிடும். கன்சோல் இல்லாத வீட்டில் அதை அணைத்தே வையுங்கள்.

திறந்த கதவைக் காப்பது

இணையம் முழுவதையும் ஓயாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. நீங்கள் யாருக்கும் முகவரி சொல்லாவிட்டாலும் உங்கள் 25565 கண்டுபிடிக்கப்படும். ஆகவே 'ஒயிட்லிஸ்ட்' வசதியை இயக்கி நண்பர்களின் பெயர்களை மட்டும் சேருங்கள், 'சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ்' கோப்பில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். 'ஆன்லைன் மோடு' இயல்பிலேயே இயங்கும், அதை அணைக்காதீர்கள். அணைத்தால் ஆளின் பெயரைச் சரிபார்க்க யாரும் இல்லை. உங்கள் பெயரிலேயே ஒருவன் நிர்வாகியாக உள்ளே வரலாம். ஒயிட்லிஸ்ட்டும் அதோடு பயனற்றுப்போகும்.

சர்வரைப் புதிய பதிப்பில் வைத்திருங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டை வழியாக, அரட்டையில் ஒரு வரி எழுதியே சர்வர் கணினியில் விரும்பிய நிரலை ஓட்ட முடிந்தது. 1.18.1 பதிப்பில் அதை அடைத்தார்கள். பழைய மாட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) தொகுப்புக்காக அதற்கு முந்தைய பதிப்பை ஓட்டுபவர்கள், மைன்கிராஃப்ட்டை உருவாக்கிய மோஜாங் அப்போது வெளியிட்ட திருத்தத்தைச் சேர்த்திருக்கிறோமா என்று பார்த்தே ஆக வேண்டும்.

எந்தச் சூழலிலும் திறக்கக் கூடாதவை சில உண்டு. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389, கோப்புப் பகிர்வின் 445, மைன்கிராஃப்ட் சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் 'ஆர்கான்' (RCON) வசதியின் 25575, ரூட்டரின் சொந்த நிர்வாகப் பக்கம், சிசிடிவி பெட்டி. 2016-இல் மிராய் என்ற தீய நிரல் பிடித்துக்கொண்ட கருவிகளில் பெரும்பாலானவை, தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு இணையத்தில் விடப்பட்ட கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டிகளும்தான். கேமராவையோ வீட்டுக் கோப்புகளையோ வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்டு விபிஎன் நிறுவி, அதற்கான 51820 யுடிபி ஒன்றை மட்டும் திறவுங்கள். சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது. 'டிஎம்இசட்' என்ற வசதியில் கணினியின் முகவரியைப் போட்டால் எல்லாம் வேலை செய்யும் என்பது உண்மைதான். வேறு விதி இல்லாத எல்லாப் போர்ட்டுகளும் ஒரே சொடுக்கில் அந்தக் கணினிக்குத் திறந்துவிடும் என்பதால்தான் அது வேலை செய்கிறது. சர்வருக்கு வேண்டியது ஒரே ஒரு எண்.

விளையாட்டு சில வாரங்கள் ஓய்ந்திருந்தால் ரூட்டர் பக்கத்தில் விதிக்கு எதிரே உள்ள 'எனேபிள்' குறியை எடுத்துவிடுங்கள். விதி அப்படியே இருக்கும், மீண்டும் ஆட ஆரம்பிக்கும் அன்று குறியை இட்டால் போதும்.